கோட்டை இடிந்தது, பெயர் நின்றது

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

எங்கள் ஊரின் பெயர் கோட்டைக்குப்பம். விடுதியில் புதிதாக வந்து சேரும் தோழியர் இந்தப் பெயரைக் கேட்டதும் தவறாமல் கேட்கும் கேள்வி, "உங்கள் ஊரில் கோட்டை இருக்கிறதா?" என்பதே. இருந்தது என்பதுதான் விடை. இன்று அங்கே இருப்பது ஒரு மண்மேடு, அதன்மேல் அடர்ந்த முட்புதர், சுற்றிலும் தூர்ந்துபோன அகழி. கோட்டையைக் கண்ணால் கண்டவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இல்லை. ஆனாலும் ரேஷன் கார்டிலும் பள்ளிச் சான்றிதழிலும் திருமண அழைப்பிதழிலும் நாங்கள் அந்தக் கோட்டையின் பெயரையே எழுதிக்கொண்டிருக்கிறோம். இடிந்துபோன ஒன்றின் நினைவு எவ்வாறு நிற்கிறது, அதை யார் காக்கிறார்கள், எந்த வழிகளில் காக்கிறார்கள் என்பதை நான் அறிந்த அளவில் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், பொன்னேரியைக் கடந்து கிழக்கே சென்றால் பழவேற்காடு வரும். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் உள்ளது. தென்முனை மட்டுமே நம் திருவள்ளூர் மாவட்டத்தில் அமைந்துள்ளது. கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம் ஒன்று இத்தென்முனையில் இருப்பதால், கடல்நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வருவதும், வளர்ந்து வெளியேறுவதும் எங்கள் வாசலிலேயே நடைபெறுகின்றன. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்று பெயர்களையும் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இவை தேவைப்படும்.

இத்துறையின் வாணிகம் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே நடந்தது. விஜயநகர மன்னர் காலத்திலேயே பழவேற்காட்டிலிருந்து துணிமூட்டைகள் கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறின. கிராம்பும் சாதிக்காயும் திரும்பி வந்தன. புனித தோமையாரின் கல்லறை வரலாற்றிலும் எங்கள் துறைக்கு ஓர் இடம் உண்டு. மலாக்காவிலிருந்து வந்து 1517இல் இங்கே கரையிறங்கிய போர்த்துக்கீசியர் சிலரை, அவர்களுடன் வந்த ஆர்மேனிய வணிகர்களே மயிலாப்பூருக்கு அழைத்துச் சென்று அக்கல்லறையைக் காட்டினார்கள். எங்கள் மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கம் 1515 என்று வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது.

டச்சுக்காரர் 1610இல் இங்கே பண்டகசாலை வைத்தனர். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். பாடம் கற்ற டச்சுக்காரர் மறு ஆண்டே கோட்டை எழுப்பிவிட்டார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் கெல்ட்ரியா. அப்போது அவர்களுக்குத் தலைவராயிருந்த வெம்மர் வான் பெர்கெம் என்பவரின் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தின் நினைவாக வைத்த பெயர் அது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையின் டச்சு வாணிகம் முழுவதும் இக்கோட்டையிலிருந்தே நடத்தப்பட்டது. நாணயம் அடித்தார்கள், வெடிமருந்தும் செய்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர்; 1806ஆம் ஆண்டுவாக்கில் கோட்டை இடிக்கப்பட்டது; 1825இல் ஊர் முற்றிலுமாக ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டைக்கு அவ்வளவுதான் ஆயுள். கெல்ட்ரியா என்ற பெயர் எங்கள் ஊரில் பலருக்கும் தெரியாது. "கோட்டை" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பழவேற்காட்டுக்கு வரும் வெளியூரார் முதலில் சென்று பார்ப்பது டச்சுக் கல்லறைத் தோட்டமாகும். அதன் நுழைவாயிலின் இருபுறமும் எலும்புக்கூடு செதுக்கிய கற்கள் நிற்கின்றன. சிறுவயதில் நாங்கள் அவ்வழியே போக அஞ்சுவோம். உள்ளே பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைகள், கேடயச் சின்னங்களும் டச்சு எழுத்துகளும் பொறிக்கப்பட்ட பலகைக் கற்களோடு இருக்கின்றன. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். அவ்வாறு அறிவிக்கப்பட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சிதைப்பதும் மாற்றுவதும் குற்றம். 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும்.

இக்கற்களின் எழுத்துகள் இன்று நமக்குப் படிக்கக் கிடைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1897இல் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ என்பவர், சென்னை மாகாணத்தில் டச்சுக் கம்பெனி விட்டுச்சென்ற சின்னங்களை அளந்து வரைந்து நூலாக வெளியிட்டார். 1905இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி, மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து மற்றொரு நூல் கொண்டுவந்தார். உப்புக்காற்று கல்லை அரித்துக்கொண்டே இருக்கிறது. அவர்கள் படித்த எழுத்தில் சில இன்று கல்லில் தெளிவாக இல்லை. ஆனால் தாளில் இருக்கின்றன. கல்லைவிடத் தாள் நீடித்தது என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

இனி, உள்ளூர் வரலாற்றுச் சங்கம் என்று ஒன்று இருந்தால் அது என்ன வேலை செய்யும் என்பதைப் பார்ப்போம். பழவேற்காட்டைப் பொறுத்தவரை, கட்டடக் கலைஞர் சேவியர் பெனடிக்ட் நிறுவிய 'ஆர்டே' என்னும் அறக்கட்டளை பல ஆண்டுகளாக இப்பணியில் ஈடுபட்டுள்ளது. பழவேற்காட்டையும் சதுரங்கப்பட்டினத்தையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் நூல் எழுதியிருக்கிறார். வெளியூராரை அழைத்து வந்து ஊரைச் சுற்றிக்காட்டும் மரபு நடைகளையும் அவ்வமைப்பு நடத்தியிருக்கிறது. நாட்டளவில், 1984இல் தோன்றிய 'இன்டாக்' என்னும் தேசிய அறக்கட்டளையும் இத்தகைய பணியைச் செய்கிறது.

இவர்களுடைய வேலை பட்டியல் எடுப்பதில் தொடங்குகிறது. பட்டியல்தானே என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் பட்டியல் எடுக்க வேண்டியவை ஒன்றிரண்டல்ல. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் மிகச் சிறிய அளவில் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரிய பள்ளிவாசலில் தொழுகை வேளையைக் காட்டும் நிழற்கடிகாரம் இருக்கிறது. மரைக்காயர் வீடுகளின் திண்ணைகளும் மரத்தூண்களும், மகிமை மாதா ஆலயமும், கலங்கரை விளக்கமும், இஸ்லாமியப் பெண்கள் கைப்பழக்கமாய்ப் பின்னும் பனையோலைப் பெட்டிகளும் அப்பட்டியலில் வர வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் இடம், அளவு, இப்போதைய நிலை, உரியவர், பழுது ஆகியவற்றை எழுதி, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். கல்லெழுத்தைப் படிப்பதற்கு ஏற்ற வேளை காலை அல்லது மாலை. வெயில் சாய்வாக விழும்போது, நண்பகலில் தெரியாத எழுத்தும் நிழலோடு எழுந்து தெரியும். சுண்ணக்கட்டியால் எழுத்தின்மேல் வரைவதோ, அமிலம் ஊற்றிக் கழுவுவதோ கூடாது. ஒருமுறை பொரிந்த கல் பின்பு தானாகவே உதிரத் தொடங்கும்.

அடுத்தது, பட்டியலில் உள்ளதை எழுத்து ஆவணத்தோடு ஒப்பிடுவது. 1602 முதல் 1799 வரை இருந்த டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கெழுதுவதில் மிகவும் கண்டிப்பானது. அதன் ஆவணங்கள் நெதர்லாந்தின் ஹேக் நகரிலும், ஜகார்த்தாவிலும், கொழும்பிலும், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனிலும், நம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. எழும்பூரில் இருப்பவை பெரும்பாலும் கொச்சியைச் சேர்ந்தவை. உலக நினைவுப் பதிவேட்டில் இவற்றை யுனெஸ்கோ 2003இல் சேர்த்தது. எங்கள் குப்பத்து வாசலில் ஏற்றிய துணிமூட்டையின் கணக்கைப் பார்க்க ஹேக் வரை போகவேண்டியிருக்கிறது என்பது விசித்திரம்தான்.

இன்னொரு செய்தியையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. ஆபிரகாம் ரோஜர் என்ற டச்சுப் போதகர் 1630களில் பழவேற்காட்டில் பணியாற்ற வந்து பத்தாண்டுகள் தங்கினார். பத்மநாபன் என்னும் அந்தணரிடம் நாள்தோறும் கேட்டுக் கேட்டு, நம் மக்களின் வழக்கங்களையும் வழிபாடுகளையும் எழுதினார். அந்நூல் அவர் இறந்தபின் 1651இல் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் வடமொழிச் செய்யுள்கள் ஓர் ஐரோப்பிய மொழியில் முதன்முதலாகத் தோன்றியது அந்நூலில்தான். ஒருவர் சொல்ல ஒருவர் எழுதுவது என்ற முறை எங்கள் ஊருக்குப் புதிதன்று என்பதை இதனால் அறியலாம்.

பிற ஊர்களில் இப்பணி எவ்வாறு நடந்தது? தரங்கம்பாடியில் டேனியர் 1620இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை இன்றும் கடலோரம் நிற்கிறது. உள்ளே அருங்காட்சியகம் உண்டு. அதைச் செப்பனிடுவதில் டென்மார்க்கில் உள்ள தரங்கம்பாடிச் சங்கத்தார் பங்குகொண்டார்கள். கொழும்பில் 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் வேறு வழியில் சென்றது. கட்டடத்தைவிட, குடும்பங்களின் வம்சாவளியை அவர்கள் கவனமாகச் சேர்த்து, தங்கள் சஞ்சிகையில் தொடர்ந்து அச்சிட்டார்கள். இந்த இரண்டிலும் எது சிறந்தது என்று கேட்டால், கோட்டை இல்லாத எங்களுக்குக் கொழும்பு முறையே பொருந்தும் என்பது என் எண்ணம். ஏனெனில் எங்கள் பழமை பெரும்பாலும் கல்லில் இல்லை. அது பாட்டில், பேச்சில், வலையில், முறையில் இருக்கிறது. அதிலும் முக்கியமாகப் 'பாடு' என்ற ஒன்றில் இருக்கிறது.

பாடு என்பதை ஏரிப்பக்கம் அறியாத தோழியருக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏரி பெரிதாக இருந்தாலும் இறால் நன்றாகப் படும் இடங்கள் முகத்துவாரத்தை ஒட்டிச் சிலவே உள்ளன. எல்லோரும் அங்கேயே கழி ஊன்றிச் சுத்துவலை கட்டினால் நாள்தோறும் சண்டைதான். ஆகவே அவ்விடங்களில் வலை கட்டும் உரிமையை முன்னோர் முறைப்படுத்தி வைத்தார்கள். நான் முன்பு சொன்ன மூன்று குப்பங்களும், கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம், முறைவைத்து மாறி மாறி அவ்விடங்களில் இறங்கும். ஊருக்குள் எந்தக் குடும்பத்துக்கு எந்த இடம் என்பது சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கப்படும். நல்ல இடம் இன்று ஒருவருக்கு என்றால் வேறொரு நாள் மற்றவருக்கு. இதற்கு ஊரில் 'தலைக்கட்டு' என்ற கணக்கு உண்டு. ஊர்வரி கொடுத்து, ஊர்க்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு நிற்கும் குடும்பத் தலைவர் ஒருவர் ஒரு தலைக்கட்டு. பெயர் தலைக்கட்டுப் பட்டியலில் இருந்தால்தான் பாட்டில் பங்கு. ஆகவே அந்தப் பட்டியலை ஊர்ப் பஞ்சாயத்தார் மிகவும் கவனமாக வைத்திருப்பார்கள். வரலாற்றுச் சங்கம் என்ற பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும், தலைமுறை தலைமுறையாகப் பெயர்களை எழுதிக் காத்து வந்தவர்கள் எங்கள் பஞ்சாயத்தார்தாம். வயிற்றுப்பாட்டுக்காக எழுதினார்கள், வரலாறு தானாகவே அதில் வந்து சேர்ந்தது.

எங்கள் தாத்தா சில காலம் ஊர்க்கணக்கு எழுதியவர். அவர் நோட்டு ஒன்று பெரியப்பா வீட்டில் தகரப்பெட்டியில் இருக்கிறது. பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மீந்த பக்கங்களில் தலைக்கட்டுப் பெயர்கள், வரி பாக்கி, திருவிழாச் செலவு, யாரோ இருவருக்கிடையே நடந்த வழக்கின் தீர்ப்பு, வலைக்கு வாங்கிய பொருள்களின் விலை ஆகியவை இருக்கின்றன. அதில் 'பனிச்சங்காய்' என்று ஒரு செலவு திரும்பத் திரும்ப வந்தது. கடைசிப் பக்கங்களில் அச்சொல் அடியோடு இல்லை. காரணம் விளங்காமல் ஆயாவைக் கேட்டேன்.

"அப்பல்லாம் நூல் வலைதானேடி. தண்ணியிலயே கெடந்தா அழுகிப்பூடும். பனிச்சங்காய இடிச்சு ஊறவெச்சு, அந்தத் தண்ணியில வலைய முக்கிக் காயவெப்பாங்க. நைலான் வந்தப்புறம் யாரு அதெல்லாம் செய்யுறா?" என்றார்கள்.

இதைக் கேட்டதும் அந்தக் கணக்கு எனக்கு வேறாகத் தெரிந்தது. பருத்தி வலை போய் நைலான் வலை எங்கள் குப்பத்துக்கு எப்போது வந்தது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. ஆனால் பனிச்சங்காய்ச் செலவு நின்ற பக்கம் அதைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பக்கத்தில் தேதி கரையானுக்குப் போயிருந்தது. ஆயாவிடம் ஆண்டு கேட்டால் ஆண்டு சொல்ல மாட்டார்கள். "ராக்கெட்டுக்குத் தீவ எடுத்தாங்க பாரு, அதுக்கு முன்னாடி" என்றார்கள். ஏரிக்கு வடகிழக்கே உள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1969இல். முதல் சிறு ராக்கெட் ஏவப்பட்டது 1971 அக்டோபரில். அங்கிருந்த குடும்பங்கள் அப்போது இடம்பெயர்ந்தன. ஆக, நைலான் வந்தது அதற்கு முன்பு என்று ஆயிற்று.

வாய்மொழி வரலாறு சேகரிப்பவர்கள் செய்வதும் இதுவேதான். முதியோரிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டுப் பயனில்லை. "பெரிய புயலுக்கு முன்பா, பின்பா? உங்கள் மூத்த பிள்ளை பிறந்திருந்ததா? பாலம் கட்டியாயிற்றா?" என்று கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 1984 நவம்பர்ப் புயலும், 2004 டிசம்பர் 26 சுனாமியும் யாரும் மறக்காத இரண்டு மைல்கற்கள். ஒருவர் சொன்னதை அப்படியே நம்பிவிடாமல், அவர் அருகில் இல்லாதபோது மற்றொருவரிடம் அதையே கேட்க வேண்டும். கூட்டமாக உட்காரவைத்துக் கேட்டால் குரல் பெரிதாக உள்ளவர் சொல்வதே எல்லோருடைய விடையாகிவிடும். பேசியவரின் சொல்லைத் திருத்தாமல் அவர் பேச்சிலேயே எழுத வேண்டும். 'வலை காய்ச்சினார்கள்' என்று அவர் சொன்னதை 'சாயம் ஏற்றினார்கள்' என்று நாம் அழகுபடுத்தினால், சொல்லும் போயிற்று, செய்முறையும் போயிற்று. செல்பேசியில் ஒலிப்பதிவு செய்வது இக்காலத்தில் எளிது. ஆனால் பதிவு செய்யலாமா என்று முன்னதாக அனுமதி கேட்பது மரியாதை. பேசியவர் பெயர், நாள், இடம் மூன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிப் பதிவது வழக்கம். இல்லாவிட்டால் பத்தாண்டு கழித்து அது யாருடைய குரல் என்றே தெரியாமற் போகும்.

காகிதத்தைக் காப்பது தனிக்கலை. பெரியப்பா அந்த நோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிவிடலாம் என்றார். நல்ல வேளையாக எங்கள் வரலாற்று ஆசிரியை தடுத்துவிட்டார். பிளாஸ்டிக்கை ஒட்டினால் பின்பு பிரிக்க முடியாது; ஈரம் உள்ளே அடைபட்டுத் தாள் இன்னும் விரைவில் பழுக்கும். ஒட்டும் டேப் போட்டாலும் சில ஆண்டில் மஞ்சள் கறையே மிஞ்சும். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல், காற்றாடும் அலமாரியில் வைப்பதே போதும். பக்க எண் இடுவதானால் பென்சிலால் இட வேண்டும். எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, இரண்டு வேறு வீடுகளில் வைப்பது நல்லது. ஏரிக்கரையில் ஒரே வீட்டில் இரண்டு படி வைப்பதும் ஒரு படி வைப்பதும் ஒன்றுதான். பனையோலைச் சுவடிகளுக்கோ, எழுத்து மங்கினால் விளக்குக்கரியும் எண்ணெயும் தடவித் துடைப்பது பழைய முறை. தைலப்புல் எண்ணெய் பூச்சியை அண்டவிடாது.

இப்படித் தனிமனிதர் சேர்த்தது எவ்வளவு பெரிதாகக் கூடும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சான்று. செட்டிநாட்டுக் கோட்டையூரில் தம் வீட்டிலேயே தமிழ் நூல்களையும் பழைய இதழ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தவர் அவர். அவர் மறைவுக்குப்பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு அச்சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. திருமண அழைப்பிதழை யாராவது சேர்ப்பார்களா என்று அன்று கேட்டிருப்பார்கள். அன்றைய ஊர்ப்பெயர், உறவுமுறை, அச்சகம், வழக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன.

எங்கள் ஊரில் இன்னொரு வகை எழுத்தும் காக்கப்பட்டு வருகிறது. பங்கு ஆலயங்களில் திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் வைக்கப்பட வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். திருமணப் பதிவேட்டைத் திரெந்து பொதுச்சங்கம் 1563இல் கட்டாயமாக்கியது. நாம் அவற்றைச் சான்றிதழ் வாங்கும்போது மட்டுமே நினைக்கிறோம். ஆனால் ஒரு குப்பத்தின் வரலாறு எழுத வருபவருக்கு அவை பொற்குவியல். பெண்கள் எந்த ஊரிலிருந்து மணமாகி வந்தார்கள், எந்த மாதத்தில் சாவு மிகுந்தது, எந்தத் தலைமுறையில் தொழிலென்னும் இடத்தில் 'மீனவர்' என்பதற்குப் பதில் வேறு சொல் வந்தது என்பதெல்லாம் வரிவரியாகத் தெரியும். தலைக்கட்டுப் பட்டியலில் ஆண்களின் பெயர் மட்டுமே உண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எங்கள் ஆயாவின் பெயர் ஊர்க்கணக்கில் ஒரிடத்திலும் இல்லை. கோயில் பதிவேட்டில் இருக்கிறது. மரைக்காயர் வீடுகளிலோ அரபு எழுத்தில் தமிழை எழுதும் வழக்கம் இருந்தது. அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த முதியோர் குறைந்து வருகிறார்கள். ஆகவே அங்கே தாளைக் காப்பதோடு, படிக்கக் கற்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

நினைவைக் காப்பவர் நல்லதை மட்டும் காத்தால் போதுமா என்ற கேள்வி எழுகிறது. டச்சுக்காரர் பழவேற்காட்டிலிருந்து துணி மட்டும் ஏற்றவில்லை. பதினேழாம் நூற்றாண்டில், பஞ்சத்தாலும் போராலும் நலிந்த மக்களை அடிமைகளாக வாங்கி ஆயிரக்கணக்கில் படேவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கப்பலேற்றினார்கள். வாங்கியவர்களின் பெயர்கள் கேடயச் சின்னத்தோடு கல்லில் இருக்கின்றன; காவலும் இருக்கிறது. கப்பலேறியவர்கள் கணக்குப் புத்தகத்தில் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்காட்டும் எவரும் இந்தச் செய்தியையும் அங்கே நின்று சொல்ல வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். கல்லின் அழகைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால், ஊரில் பாதியைப் பார்த்ததாகத்தான் ஆகும்.

அதேபோல், பாட்டு முறையின் நியாயத்தை மேலே பெருமையோடு எழுதினேன். ஆனால் அதில் எல்லோருக்கும் பங்கு இல்லை. பட்டினவர் சமூகத்தின் உரிமையாக அது வந்தது. ஏரியைச் சுற்றிப் பாடு இல்லாத குப்பங்களும், கையால் தடவி இறால் பிடிப்போரும் இருக்கிறார்கள். முகத்துவாரம் தூர்ந்து இறால் குறையக் குறைய, "எங்களுக்கு ஏன் இல்லை?" என்ற அவர்களுடைய கேள்வியும் வலுத்துவிட்டது, தகராறுகளும் நடந்திருக்கின்றன. எங்கள் தாத்தாவின் நோட்டில் அவர்களைப் பற்றி இருப்பது இரண்டே வரி, அதுவும் தண்டம் விதித்த கணக்கு. அவர்கள் வீட்டு நினைவில் அதே நாள் வேறுவிதமாக இருக்கும். பாட்டைப் பற்றி எழுத முனைபவர் இரண்டு பக்கமும் சென்று கேட்க வேண்டும். எங்கள் பெரியப்பாவுக்கு இக்கருத்து அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நம்ம முறைய நாம எழுது, போதும்" என்கிறார். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள், சிறு வயதில் தம்மோடு கூடை சுமந்த அக்கரைத் தோழி ஒருத்தியின் பெயரை மட்டும் சொன்னார்கள்.

இக்காலத்தில் இப்பணிக்கு அவசரம் ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குப்பத்துப் பிள்ளைகளில் பலர் இப்போது எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் வேலைக்குச் செல்கிறார்கள். படித்து வேலைக்குப் போவதில் தவறில்லை. நானும் அப்படித்தான் விரும்புகிறேன். ஆனால் வாடைக்காற்றில் எந்த இடத்தில் கழி ஊன்ற வேண்டும், கச்சான் அடித்தால் நீரோட்டம் எப்படித் திரும்பும், எந்த நிலவில் இறால் புறப்படும் என்பதெல்லாம் ஏரியில் இறங்கியவர் சொல்ல, இறங்கியவர் கேட்டு வந்தவை. கேட்பவர் இல்லாதபோது சொல்பவர் நிறுத்திவிடுகிறார். கோட்டையை இடிக்க ஆங்கிலேயருக்கு ஆணையும் ஆளும் வேண்டியிருந்தது. இதற்கு ஒன்றும் வேண்டியதில்லை.

ஆகவே சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஏரிக்கரைப் பெண்கள் நால்வர் சேர்ந்து ஒரு நீளக்கணக்கு நோட்டு வாங்கினோம். அட்டைக்குப் பழுப்புத்தாள் உறை போட்டுத் தந்தவர் விடுதிச் சிஸ்டர். ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து கட்டங்கள்: சொல் அல்லது செய்தி, சொன்னவர், அவர் வயது, கேட்ட நாள், வேறு யாரிடம் சரிபார்த்தது. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. அதுதான் கடினமான கட்டம். வலைகளின் பெயர்கள், ஏரியில் இடங்களின் பெயர்கள், காற்றின் பெயர்கள், திருவிழாவில் யார் வீட்டார் எந்த வேலை செய்ய வேண்டும் என்ற முறை ஆகியவை இதுவரை எழுதப்பட்டுள்ளன. ஏரியில் இடங்களின் பெயர்களைத் தொகுத்தபோது, வரைபடம் எதிலும் இல்லாத பெயர்கள் பல கிடைத்தன. அவற்றைக் குறிக்க, அப்பாவைப் படகில் உட்காரவைத்து, கரையில் தெரியும் கலங்கரை விளக்கத்தையும் ஆலயக் கோபுரத்தையும் அடையாளம் வைத்து ஒரு படம் வரைந்தோம். படம் அவ்வளவு அழகாக வரவில்லை. ஆனால் அப்பா பார்த்தவுடன் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

பொங்கல் விடுமுறைக்குப் போகும்போது ஆண்டிக்குப்பத்துத் தோழியின் தாத்தாவிடம் பாட்டு முறையைக் கேட்டு எழுதுவது என்று பேசி வைத்திருக்கிறோம். எங்கள் தாத்தாவின் நோட்டில் உள்ள முறையும் அவர் சொல்லும் முறையும் ஒத்துவருகின்றனவா என்று பார்க்க வேண்டும். அதற்கடுத்து, ஆயா பெயர் சொன்ன அந்த அக்கரைப் பாட்டியைத் தேடிப் போக வேண்டும். அவர்களுக்கென்று நோட்டில் பதினாறு பக்கம் விட்டு வைத்திருக்கிறோம்.